உஷார்! பெட்டியில் வைக்காமலே கூட வரும் பழக்கம்

செப்டம்பரில் பிரிட்டனுக்கு முதுகலை படிக்கப் புறப்படும் பிள்ளைகளே, ஊறுகாயும் கம்பளிச் சட்டையும் எடுத்து வைத்தாயிற்றா? நல்லது. ஆனால் குளிரும் சாப்பாடும் யாரையும் ஃபெயிலாக்குவதில்லை. நம் ஊர் வகுப்பறைப் பழக்கம்தான் அங்கே காலை வாரிவிடுகிறது.

என் அக்கா மகன் இங்கே முதல் மூன்று ரேங்க்குக்குள் வருபவன். அங்கே அவன் கொடுத்த முதல் அசைன்மென்ட், நகலைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மென்பொருளில் ஏறித் திரும்பியபோது பக்கம் முழுக்க சிவப்பு, நீலம், பச்சை. ஒவ்வொரு நிறமும் ஒரு புத்தகம் அல்லது ஓர் இணையதளம். புத்தகத்தில் உள்ளதை ஓர் எழுத்து பிசகாமல் எழுதினால் இங்கே முழு மார்க். அதையேதான் அங்கும் செய்தான். விசாரணைக் குழு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். “நான் என்ன சித்தி தப்பு பண்ணேன்?” என்று நடுராத்திரியில் போனில் அழுதான். சொந்த வார்த்தையில் எழுதினாலும், கருத்து யாருடையது என்று குறிப்பிட்டே ஆக வேண்டும். இதைப் போகும் முன்பே எழுதிப் பழகுங்கள்!

ஏன் யாரிடமும் கேட்கவில்லை என்றேன். “சாரைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்துட்டேன்.” இந்த மௌனம்தான் ஆபத்து. செமினாரில் வாய் திறக்காமல் இருந்தால் அங்கே மரியாதை என்று நினைக்க மாட்டார்கள். படிக்காமல் வந்திருக்கிறான் என்றே நினைப்பார்கள்.

படிப்போ பெரும்பாலும் ஒரே வருஷம், 180 கிரெடிட். சுதாரிப்பதற்குள் முதல் பருவம் ஓடிவிடும். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. வேலை, அசதி, இருட்டு, தனிமை எல்லாம் சேர்ந்து, ‘இன்றைக்கு வகுப்புக்குப் போக வேண்டாம்’ என்று தோன்றும். அங்கேதான் உஷார்! உங்கள் விசாவுக்கு ஸ்பான்சர் பல்கலைக்கழகமே. தொடர்ந்து வராமல் போனால் உள்துறைக்குத் தகவல் போகும். தனிமைக்குப் பயந்து நம்மவர்களோடு தங்குவதைத் தப்பு என்று சொல்லவில்லை, காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துத் தர ஆள் வேண்டுமே. ஆனால் நாள் முழுக்க அந்த வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதீர்கள்.

இப்படிச் சோர்ந்திருக்கும் நேரம் பார்த்து, ‘அசைன்மென்ட் எழுதித் தருகிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் தூண்டில் விழும். தொடவே தொடாதீர்கள்! இங்கிலாந்தில் காசுக்கு எழுதித் தரும் தொழிலை 2022-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கிவிட்டது. வாங்கிய மாணவரைப் பல்கலைக்கழகம் வெளியேற்றலாம். காசு வாங்கியவனே பிறகு ‘காட்டிக் கொடுப்பேன்’ என்று மிரட்டுவதும் நடக்கிறது.

கட்டுரை எழுதச் சொல்லித் தரும் இலவச உதவி மையம் பல்கலைக்கழகத்திலேயே இருக்கும். முதல் வாரமே அந்தக் கதவைத் தட்டுங்கள். அக்கா மகன் நவம்பரில்தான் போனான். ஜனவரியில் 58 வந்தது. 90 வாங்கிப் பழகியவன் அதைப் பார்த்து மறுபடி உடைந்துபோனான். அங்கே 50 வாங்கினால் தேர்ச்சி, 70 என்றாலே டிஸ்டிங்ஷன் என்று அவனுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை.