பலம் தீரும் இடத்தில் தொடங்கும் கிருபை

ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துபவர், நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கப் போகிறவர், படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள்... ஊழியம் என்று எதைச் செய்தாலும், ‘இனி என்னால் முடியாது’ என்று சொல்லும் நாள் ஒன்று வரும். உடம்பு ஒத்துழைக்காது. மனமும் சோர்ந்துவிடும். ‘என் விசுவாசம்தான் குறைந்துபோச்சோ?’ என்ற குற்ற உணர்வும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்த இடத்தில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் வாழ்ந்தவர் ஒருவர் திருநெல்வேலிச் சீமையில் இருந்தார். அவர் பெயர் எமி கார்மைக்கேல்.

ஓய்வறியாத கால்கள்

1867-ல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர் எமி. அவருக்குத் திடமான உடல் இல்லை. சீனாவுக்கு ஊழியம் செய்யப் போக விரும்பியபோது, உடல்நிலையைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். ஜப்பானுக்குப் போனார், அங்கும் நோய் விடவில்லை. 1895-ல் இந்தியாவுக்கு வந்தார். அதன்பின் 55 ஆண்டுகள், ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை.

தமிழ் கற்று, சேலை உடுத்தி, தமிழ்ப் பெண்களோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். 1901-ல், பொட்டுக்கட்டிவிடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி வந்து அவரிடம் சேர்ந்தாள். அதோடு அவருடைய வாழ்க்கையின் திசையே மாறியது. அடுத்தடுத்துக் குழந்தைகள் வந்தார்கள். களக்காட்டுக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள டோனாவூர் அவர்களுக்கு வீடானது. எமி அவர்களுக்கு ‘அம்மா’ ஆனார். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-ல்தான் என்பதை நினைத்தால், அவர் எவ்வளவு காலத்துக்கு முன்னே தொடங்கினார் என்பது புரியும்.

இழப்புகளும் வந்தன. அவருக்குத் தமிழ் கற்க உதவி, வழிகாட்டியாக நின்ற தாமஸ் வாக்கர் 1912-ல் காலமானார். குழந்தைகளை வளர்ப்பதில் வலது கையாக இருந்த பொன்னம்மாளை 1915-ல் புற்றுநோய் பறித்துக்கொண்டது. பணி நிற்கவில்லை. பணத்துக்காக யாரிடமும் கையேந்துவதில்லை, தேவையைக் கடவுளிடம் மட்டுமே சொல்வது என்ற முறையில் அந்தக் குடும்பம் வளர்ந்தது.

ஒரு குழி

1931 அக்டோபரில் ஒரு மாலைப்பொழுது. களக்காட்டில் மருத்துவப் பணிக்காக ஏற்பாடான வீட்டைப் பார்க்கப் போன எமி, அரைகுறை வெளிச்சத்தில் அங்கே தோண்டியிருந்த குழிக்குள் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு 63 வயது. சில மாதங்களில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எழவில்லை. 1951 ஜனவரியில் கண்மூடும்வரை, பெரும்பாலும் அவர் அறையும் படுக்கையும்தான் அவருடைய உலகம்.

குணமாக வேண்டும் என்று ஜெபித்தார்கள், வலி போகவில்லை. அப்படியானால் கிருபை எங்கே?

இதே கேள்வியைப் பவுல் அப்போஸ்தலரும் சந்தித்தார். தன் உடலில் உள்ள முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை மன்றாடியதாக, கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் 12-ம் அதிகாரத்தில் சொல்கிறார். முள் எடுக்கப்படவில்லை. தம் கிருபை அவருக்குப் போதும் என்ற பதில்தான் கிடைத்தது. பாரத்தை இறக்கி வைப்பது மட்டும் கிருபை அல்ல. பாரத்தோடு நிற்க வைப்பதும் கிருபைதான்.

எமி விஷயத்தில் அது கண்ணுக்குத் தெரிந்தது. நடக்க முடியாதவர் எழுதினார். அந்தப் படுக்கையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட நூல்கள் வந்தன. நோயாளிகளுக்காக ஒரு நோயாளியாகவே அவர் எழுதியவையும் அவற்றில் உண்டு. ஆரோக்கியமாக இருப்பவர்கள் சொல்லும் ஆறுதல் சில நேரம் வலிப்பவருக்கு ஒட்டாது. வலி தெரிந்தவர் சொன்னால் ஒட்டும். பிள்ளைகள் அறைக்கு வந்து போனார்கள். அவர் கையிலிருந்த பொறுப்புகளை மற்றவர்கள் ஏற்றார்கள். ஒருவர் விழுந்ததால் டோனாவூர் விழவில்லை.

நமக்கு எப்படி?

கிருபையைச் சார்ந்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. ஜெபத்தையே நம்பி வாழ்ந்த டோனாவூரில்தான் மருத்துவமனையும் எழுந்தது. மருந்தும் மருத்துவரும் கிருபை வரும் வழிகளே.

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழே, ‘செத்தால் போதும்’ என்று படுத்துவிட்டார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டு, தட்டி எழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டான். களைத்துப்போன ஊழியக்காரருக்கு முதலில் தேவைப்படுவது சில நேரம் இன்னொரு கூட்டம் அல்ல. ஒரு வேளைச் சாப்பாடும் நல்ல தூக்கமும்தான்.

வனாந்தரத்தில் மன்னா அன்றன்றைக்குத்தான் கிடைத்தது. பயந்து மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களுடையது புழுத்துப்போனது. அடுத்த வருடத்தைத் தாங்கும் பலத்தை இன்றைக்கே தேடினால் கிடைக்காது. இன்று ஊட்ட வேண்டிய கஞ்சிக்கு, இன்று பேச வேண்டிய ஒரு வார்த்தைக்கு வேண்டிய பலத்தைக் கேட்கலாம்.

இன்னொன்று, உதவி கேட்கத் தயங்க வேண்டாம். ‘நான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது’ என்ற எண்ணம் பக்தி போலத் தெரியும்; ஆனால் அது நம் பலத்தின் மேலுள்ள நம்பிக்கைதான். பக்கத்து வீட்டு அக்கா ஒரு மணி நேரம் உட்கார்ந்துகொள்வதும், சபையில் இளைஞர் ஒருவர் உங்கள் வகுப்பை எடுப்பதும்கூடக் கிருபையின் கைகளே.

தன் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று எமி சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகளுக்கான ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்தார்கள்.

இன்று ‘முடியவில்லை’ என்று சொல்லும் நிலையில் நீங்கள் இருந்தால், அந்த வார்த்தையையே ஜெபமாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டுக் கர்த்தர் கோபப்படுவதில்லை. இன்றைக்கு வேண்டிய கிருபையை அவர் தருவார்.