கப்பலுக்கும் எஃப்.சி. உண்டு

கடைக்காரர் நல்ல சரக்கைக் காட்டி ‘ஏ ஒன்’ என்கிறாரே, அந்தச் சொல் கப்பலிலிருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில், லாயிட் காபிக் கடையில் கப்பல் வணிகர்களும் காப்பீடு தருபவர்களும் கூடுவார்கள். கண்ணால் பார்க்காத கப்பலை நம்பி எப்படிப் பணப்பொறுப்பு ஏற்பது? 1760-இல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்து, கப்பல்களைச் சோதித்துப் பதிவேடு போட்டார்கள். கப்பலின் உடலுக்கு ஓர் எழுத்து; நங்கூரம், கயிறு போன்றவற்றுக்கு ஓர் எண். இரண்டிலும் முதல் தரம் என்றால் ஏ1.

இத்தகைய அமைப்புகளுக்குப் பெயர் ‘கிளாசிஃபிகேஷன் சொசைட்டி’. துறைமுகத்தில் சுருக்கமாக ‘கிளாஸ்’ என்பார்கள். நம் நாட்டுக்கு ‘இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங்’ இருக்கிறது. 1975-இல் மும்பையில் தொடங்கியது.

திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி வழியாகப் புதுவாயலுக்குப் போகும் லாரி, எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று இல்லாமல் ஓடக்கூடாது. கிளாஸ் சான்றிதழும் அப்படித்தான். ஆனால் இங்கே சோதனை வரைபடத்திலேயே தொடங்கிவிடும். தகடு எந்த ஆலையில் உருகியது, பற்றவைப்பு உள்ளே வரை பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஆரணிக்குக் கிழக்கே, கடலோரக் காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கட்டிய கடலோரக் காவல்படைக் கப்பல் ‘விக்ரம்’ 2018-இல் பணியில் சேர்ந்தது. அதன் வடிவமைப்புக்கும் கட்டுமானத்துக்கும் இந்தியன் ரெஜிஸ்டரோடு அமெரிக்க நிறுவனமான ஏ.பி.எஸ்.ஸும் சான்றளித்தது.

கடலில் இறங்கிய பிறகும் விடமாட்டார்கள். ஆண்டுதோறும் ஒரு சோதனை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுச் சோதனை. அந்த ஐந்தாண்டில் இருமுறை அடிப்பாகத்தையும் பார்க்க வேண்டும். உப்பு இரும்பைத் தின்னும். தகடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஒலியலைக் கருவியால் அளப்பார்கள். வரம்புக்குக் கீழே தேய்ந்திருந்தால் வெட்டி மாற்ற வேண்டியதுதான். கிளாஸ் போனால் காப்பீடு கிடைப்பது அரிது. சரக்கு ஏற்றவும் ஆட்கள் வரமாட்டார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. சோதனைக்குக் கூலி கொடுப்பவர் கப்பல் முதலாளியே. 1999-இல் பிரான்ஸ் கரையோரம் ‘எரிகா’ என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டாக உடைந்தது. அதற்குச் சான்றளித்த இத்தாலிய நிறுவனம் ரினாவும் பொறுப்பாளிதான் என்று 2012-இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதனால் சான்றிதழோடு கதை முடிவதில்லை. எந்த நாட்டுக் கொடி பறந்தாலும், துறைமுகத்துக்கு வந்த கப்பலில் அந்தத் துறைமுகம் இருக்கும் நாட்டின் அதிகாரிகள் ஏறிச் சோதிக்கலாம்; குறை இருந்தால் நிறுத்தியும் வைக்கலாம்.

இன்னொன்றையும் எண்ணூர்க்காரர்கள் அறிவார்கள். 2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘டான் காஞ்சிபுரம்’, ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையில் ஒதுங்கிய கறுப்பு எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். கப்பலின் இரும்பும் இயந்திரமும் உறுதியா என்பதைத்தான் கிளாஸ் சொல்லும். எதிரே வரும் கப்பலைப் பார்த்து விலக வேண்டியது மேல்தளத்தில் நிற்கும் மனிதர். எஃப்.சி. லாரிக்குத்தான், ஓட்டுநரின் கண்ணுக்கு அல்ல.