இஞ்சிவேர் ஏறிய கப்பல்

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டுக் கிடங்குகளைக் கடக்கும்போதே சுக்கு வாசனை மூக்கில் ஏறும். தோல் சீவி, வெயிலில் உலர்த்தி அனுப்பிய இந்தச் சுக்குக்கு உலகச் சந்தையில் ‘கொச்சின் ஜிஞ்சர்’ என்றே பெயர்.

சரக்கு மட்டுமல்ல, ஜிஞ்சர் என்ற சொல்லும் நம் கரையிலிருந்து போனதுதான். நம்முடைய ‘இஞ்சிவேர்’ பாலியில் சிங்கிவேர ஆகி, கிரேக்கம், லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இந்த ஒரே சொல்லின் பயணத்தை ஆராய்ந்து ஆலன் ராஸ் என்ற ஆங்கில மொழியியலாளர் 1952-இல் தனி நூலே எழுதினார். எவ்வளவு பெருமையான செய்தி!

உச்சரிப்பைக் கவனியுங்கள். ஃபிங்கர், சிங்கர், ஜிஞ்சர் மூன்றும் ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரி முடியும். ஃபிங்கரில் ‘க’ அழுத்தமாக ஒலிக்கும். சிங்கரில் மூக்கொலியோடு நின்றுவிடும். ஜிஞ்சரில் வருவதோ, நாம் ‘இஞ்சி’ என்னும்போது வரும் அதே ‘ஞ்ச்’ ஒலி.

பிரிட்டனில் செம்பட்டைத் தலைமுடியையும் ஜிஞ்சர் என்பார்கள். ‘ஜிஞ்சர் அப்’ என்றால் சுறுசுறுப்பூட்டுவது. ஆனால் ‘ஜிஞ்சர்லி’ என்றால் பதமாக, மிகுந்த எச்சரிக்கையோடு என்று பொருள். அதற்கும் இஞ்சிக்கும் எந்த உறவும் இல்லை.