ஒரு பசுவின் விலை ரூ.36 கோடி! நெல்லூர் மாடு பிரேசிலில் சீமாட்டியான கதை

சென்னையிலிருந்து டில்லிக்கோ கல்கத்தாவுக்கோ ரயில் ஏறும் தமிழர்கள் பெரும்பாலும் நெல்லூரையும் ஒங்கோலையும் தாண்டித்தான் போக வேண்டும். ஒங்கோலை அடுத்து வருவது கரவடி. சின்ன ஸ்டேஷன். பெரிய வண்டிகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிடும்.

ஆனால் கடல் கடந்து பல ஆயிரம் மைல் தொலைவில் இருக்கும் பிரேசில் நாட்டு மாட்டுப் பண்ணைக்காரர்களிடம் கேட்டால், அந்த ஊரின் பெயரை மரியாதையோடு சொல்வார்கள். 1960களின் தொடக்கத்தில் அங்கே போன ஒரு பொலிகாளைக்குக் "கரவடி" என்றே பெயர். அதன் வாரிசுகள் இன்று அந்த நாடெங்கும் மேய்கின்றன.

அந்த இனத்தைச் சேர்ந்த பசு ஒன்றுதான் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் உலகையே வாய் பிளக்க வைத்தது. பசுவின் பெயர் வியாட்டினா-19. வயது நாலரை. எடை 1,101 கிலோ. பிரேசிலில் அரண்டு என்ற ஊரில் நடந்த ஏலத்தில் அதற்கு ஏற்பட்ட மதிப்பு 43 லட்சத்து 80 ஆயிரம் டாலர். அன்றைய கணக்கில் சுமார் 36 கோடி ரூபாய். ஏலத்தில் மிக அதிக விலை போன மாடு என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றுவிட்டது.

பங்கு வியாபாரம்

36 கோடியையும் ஒருவரே எண்ணிக் கொடுத்தாரா? இல்லை. ஏலம் விடப்பட்டது பசுவில் மூன்றில் ஒரு பங்குதான். அந்தப் பங்கு சுமார் 70 லட்சம் ரெயாலுக்குப் போயிற்று. ரெயால் என்பது பிரேசில் நாணயம். அப்போது ஒரு ரெயால் நம் பணத்தில் சுமார் 17 ரூபாய். பங்கின் விலையை மூன்றால் பெருக்கி முழுப் பசுவின் மதிப்பைச் சொன்னார்கள். கம்பெனிப் பங்கு போலத்தான்.

வாங்கியவர்கள் பாலுக்காக வாங்கவில்லை. கறிக்காகவும் வாங்கவில்லை. பசுவின் கருமுட்டைகளை எடுத்து, சோதனைக்குழாயில் கருவாக்கி, வாடகைத் தாய்ப் பசுக்களின் வயிற்றில் வைக்கிறார்கள். ஒரு பசு தன் ஆயுளில் பத்துக் கன்று ஈன்றாலே அதிகம். இந்த முறையில் கன்றுகளின் எண்ணிக்கைக்குக் கணக்கே இல்லை. வியாட்டினாவே அப்படிச் சோதனைக்குழாயில் உருவானதுதான்.

பிரேசிலில் ஏறக்குறைய 23 கோடி மாடுகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி திமிலுள்ள நம் நாட்டு வம்சம். மாட்டிறைச்சி ஏற்றுமதியில் உலகில் முதலிடம் அந்த நாட்டுக்கு. மாடு ஒன்றுக்குப் பத்துக் கிலோ எடை கூடினால் நாட்டுக்கு எத்தனை கோடி லாபம்! நல்ல விதைக்கு விவசாயி கூடுதல் விலை கொடுப்பதைப் போல, நல்ல வித்துக்கு அவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

கப்பலில் போன ஜோடி

பிரேசிலில் இந்த இனத்துக்கு "நெலோரே" என்று பெயர். நெல்லூர்தான் அப்படித் திரிந்தது. ஒங்கோல் பகுதி ஒரு காலத்தில் நெல்லூர் ஜில்லாவோடு சேர்ந்திருந்தது.

1868இல் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பல், பிரேசிலின் சால்வடார் துறைமுகத்தில் நின்றபோது அதில் இருந்த ஒங்கோல் ஜோடி விற்கப்பட்டது. 1878இல் லெம்குரூபர் என்ற பண்ணைக்காரர் ஜெர்மனியின் ஹாம்பர்க் மிருகக்காட்சி சாலையிலிருந்து இன்னொரு ஜோடியை வரவழைத்தார். வெயிலையும் உண்ணியையும் வறட்டுப் புல்லையும் தாங்கிய மாட்டைக் கண்டு அவர்கள் அசந்து போனார்கள். ஐரோப்பிய மாடுகள் அங்கே தாக்குப்பிடிக்கவில்லை.

இந்த வியாபாரத்தில் விபரீதமும் நேர்ந்தது. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அவற்றோடு வெக்கை நோயும் இறங்கி அந்த நாட்டில் பரவியது. அந்த அதிர்ச்சியில்தான் 1924இல் 28 நாடுகள் கூடி, கால்நடை நோய்களுக்கென உலக அமைப்பை பாரிஸில் நிறுவின. பின்னாளில் பிரேசிலுக்குப் போன மாடுகளை பெர்னாண்டோ டி நோரோன்யா என்ற தீவில் ஒதுக்கி வைத்துச் சோதித்த பிறகே கரையேற்றினார்கள். 1962இல் வாங்கிய மாடுகளோடு பெரிய இறக்குமதி நின்றது.

குஜராத்தின் கிர் இனமும் இப்படித்தான் போனது. பவநகர் மகாராஜாவின் தொழுவத்திலிருந்து "கிருஷ்ணா" என்ற காளையை பிரேசில்காரர் ஒருவர் வாங்கிச் சென்றார். அந்த மகாராஜா கிருஷ்ணகுமார் சிங்ஜி, 1948 முதல் 1952 வரை நம் சென்னை ராஜ்யத்தின் கவர்னராக இருந்தவர்!

ஏட்டில் இருக்கிறது விலை

இத்தனை ஆண்டுகளில் கப்பலேறியவை சில ஆயிரம் மாடுகளே. அதே ரத்தம் ஓடும் மாடு ஒங்கோல் பக்கத்தில் இன்றும் சில லட்சங்களுக்கே கைமாறுகிறது. அங்கே மட்டும் ஏன் கோடிகள்?

காரணம் ஒரு ஏடு. 1938 முதல் பிரேசிலில் நெலோரே மாடுகளுக்கு வம்சாவளிப் பதிவு நடக்கிறது. தாய் யார், தகப்பன் யார், பிறந்தபோது எடை என்ன, கன்றுகள் எப்படி வளர்ந்தன என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். நம் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறார். சுழி பார்க்கிறார், பல் பார்க்கிறார். அவர் கண் தப்பு செய்யாது. ஆனால் அவர் சொல்லுக்குக் கடல் தாண்டி மதிப்பு இல்லை. பட்டா இல்லாத நிலம் போலத்தான் பதிவு இல்லாத மாடும்.

உலகச் சுங்க அட்டவணையும் இதையே சொல்கிறது. இனப்பெருக்கத்துக்கான தூய இன மாட்டுக்கு எண் 0102.21, மற்ற மாட்டுக்கு 0102.29. ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல் வகைக்கு இறக்குமதி வரி இல்லை, இரண்டாவதற்கு உண்டு. எந்த வகை என்று தீர்மானிப்பது மாட்டின் தோற்றம் அல்ல, வம்சாவளிச் சான்றிதழ்.

நம் நாட்டில் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. மத்திய அரசின் மாட்டுப் பதிவுத் திட்டத்துக்கு ஒங்கோலிலேயே ஒரு கிளை உண்டு. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, வெளிநாட்டார் நம் உயிர்வளத்தைப் பெற, சென்னையில் தலைமையகம் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். பலனில் பங்கும் தர வேண்டும். ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே கரவடிக் காளை போய்விட்டது. தலைமுறை தலைமுறையாக அந்த இனத்தைக் காத்த குடியானவருக்கு 36 கோடியில் ஒரு காசும் இல்லை.

காங்கேயத்துக்கு என்ன வழி?

காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் ஆகிய நான்கும் அரசு ஏற்றுப் பதிவு செய்த தமிழ்நாட்டு இனங்கள். இனத்துக்குப் பதிவு இருக்கிறது. ஆனால் பட்டியில் நிற்கும் பெரும்பாலான மாடுகளுக்குத் தாய் தகப்பன் பெயர் எழுதிய ஏடு கிடையாது.

இப்போது ஊர் மாடுகளின் காதில் 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை மாட்டுகிறார்கள். சிலர் அதைக் கேலி செய்கிறார்கள். சிலர் அறுத்து எறிகிறார்கள். அந்த எண்ணின் பேரில்தான் சினை ஊசி போட்ட தேதியும் காளையின் விவரமும் பதிவாகின்றன.

பம்பாயிலும் டில்லியிலும் வேலை பார்க்கும் பலருக்கு ஊரில் அப்பாவோ அண்ணனோ இரண்டு மாடு வைத்திருப்பார்கள். அடுத்த முறை வீட்டோடு பேசும்போது, "வில்லையைக் கழற்ற வேண்டாம், கன்று போட்ட தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்" என்று சொல்லலாம். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான். பிரேசில்காரர்களும் ஏட்டில் முதல் வரி எழுதித்தான் தொடங்கினார்கள்.