பெசி கோல்மன்

பெசி கோல்மன் (சனவரி 26, 1892 – ஏப்ரல் 30, 1926) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த விமானி ஆவார். விமானி உரிமம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இவரே. அமெரிக்கப் பழங்குடி மரபில் வந்த பெண்களிலும் இவரே முதலில் உரிமம் பெற்றவராகக் கருதப்படுகிறார். சொந்த நாட்டில் எந்தப் பயிற்சிப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாததால் பிரான்சு சென்று விமானம் ஓட்டக் கற்றார். நாடு திரும்பியபின் வான் சாகச நிகழ்ச்சிகளால் புகழ்பெற்றார். "பெசி அரசி" என்னும் பொருள்படும் "குவீன் பெஸ்" என்ற பட்டப்பெயரால் மக்கள் இவரை அழைத்தனர்.

இளமைக்காலம்

பெசி டெக்சாசு மாநிலத்தின் அட்லாண்டா என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஜார்ஜ் கோல்மன், சூசன் கோல்மன். இவர்களின் பதின்மூன்று பிள்ளைகளில் பெசி பத்தாமவர். தாய் ஆப்பிரிக்க அமெரிக்கர். தந்தைவழியில் பழங்குடி மரபும் உண்டு. பெசிக்கு இரண்டு வயதானபோது குடும்பம் அதே மாநிலத்தின் வாக்சகாச்சி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது.

கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட ஓரறைப் பள்ளிக்குப் பெசி நாள்தோறும் நான்கு மைல் நடந்து சென்றார். கணக்குப் பாடத்தில் சிறந்து விளங்கினார். பருத்தி எடுப்புக் காலம் வந்தால் படிப்பு நின்றுவிடும். குடும்பம் முழுவதும் வயலில் இறங்கும். நிறவெறியைத் தாங்க முடியாத தந்தை 1901 இல் ஒக்லகோமா பகுதிக்குச் சென்றுவிட்டார். தாய் வீட்டு வேலைக்குப் போக, தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெசியிடம் வந்தது.

சேர்த்து வைத்த பணத்தைக் கொண்டு, 18 ஆவது வயதில் ஒக்லகோமாவின் லாங்சுடன் நகரில் இருந்த கறுப்பினத்தவருக்கான பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒரு பருவம் முடித்தபின் பணம் தீர்ந்துபோனதால் வீடு திரும்ப நேர்ந்தது.

சிகாகோ வாழ்க்கை

பின்னர் தன் அண்ணன்மார் வாழ்ந்த சிகாகோ நகருக்குச் சென்ற பெசி, அங்கு ஒரு முடிதிருத்தகத்தில் நகங்களைச் சீர்செய்து அழகுபடுத்தும் வேலையில் அமர்ந்தார். முதலாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய வீரர்கள் சொன்ன கதைகளை இங்குதான் கேட்டார். பிரான்சில் பெண்கள்கூட விமானம் ஓட்டுகிறார்கள் என்று அண்ணன் ஜான் கேலியாகச் சொன்னது இவரது மனத்தில் பதிந்தது.

அமெரிக்காவின் பயிற்சிப் பள்ளிகள் பெசிக்குக் கதவைத் திறக்கவில்லை. பெண் என்பது ஒரு தடை, கறுப்பினத்தவர் என்பது இன்னொரு தடை. "சிகாகோ டிஃபெண்டர்" என்ற கறுப்பின இதழின் நிறுவனர் ராபர்ட் அபட், பிரான்சு சென்று கற்குமாறு அறிவுறுத்தினார். பெசி மாலை நேரங்களில் பிரெஞ்சு மொழி பயின்றார். தன் சேமிப்புடன், அபட், வங்கியாளர் ஜெசி பிங்கா ஆகியோரின் உதவியும் சேர, 1920 நவம்பரில் கப்பலேறினார்.

பிரான்சில் பயிற்சி

வட பிரான்சின் லெ குரோத்துவா என்னும் கடற்கரை ஊரில் கோத்ரோன் சகோதரர்கள் நடத்திய பள்ளியில் பெசி சேர்ந்தார். நியூபோர் வகை இரட்டை இறக்கை வானூர்தியில் பயிற்சி அளிக்கப்பட்டது. மரச்சட்டமும் துணியும் கொண்டு செய்யப்பட்ட அக்கால வானூர்திகள் எளிதில் நொறுங்கக் கூடியவை. உடன் பயின்ற ஒருவர் விபத்தில் இறந்ததை நேரில் கண்டபின்னும் பெசி பயிற்சியைக் கைவிடவில்லை.

1921 சூன் 15 அன்று பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பு இவருக்கு உரிமம் வழங்கியது. அமெரிக்காவில் அமேலியா ஏர்ஃகாட் உரிமம் பெறுவதற்கு ஏறத்தாழ ஈராண்டுகள் முன்பே பெசி அதைப் பெற்றுவிட்டார்.

வான் சாகசங்கள்

அக்காலத்தில் பயணிகள் விமானப் போக்குவரத்து பெரிதாக வளரவில்லை. விமானிகள் பலருக்குச் சாகச நிகழ்ச்சிகளே வருமானம் தந்தன. அவற்றுக்குத் தேவையான உயர்நிலைப் பயிற்சியைச் சிகாகோவில் யாரும் தர முன்வராததால், 1922 இல் பெசி மீண்டும் ஐரோப்பா சென்று பயின்று வந்தார்.

1922 செப்டம்பர் 3 அன்று நியூயார்க்கு அருகே கர்ட்டிசு திடலில் இவரது முதல் நிகழ்ச்சி நடந்தது. முதலாம் உலகப் போரில் போரிட்ட 369 ஆவது கறுப்பினப் படைப்பிரிவைச் சிறப்பிக்க அது ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. தொடர்ந்து பல நகரங்களில் வானில் எட்டுப்போல வளைந்தும், குட்டிக்கரணம் அடித்தும், தரையை ஒட்டிப் பறந்தும் கூட்டத்தை ஈர்த்தார்.

போருக்குப்பின் மலிவாகக் கிடைத்த "ஜென்னி" எனப்படும் கர்ட்டிசு ஜேஎன்-4 வானூர்திகளையே பெசியால் வாங்க முடிந்தது. 1923 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், புதிதாக வாங்கிய வானூர்தியின் இயந்திரம் நின்றுபோய் விழுந்ததில் இவரது காலும் விலா எலும்புகளும் முறிந்தன. குணமானதும் மீண்டும் பறந்தார்.

நிறப்பாகுபாட்டுக்கு எதிர்ப்பு

கறுப்பின இளைஞர்களுக்கு ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்குவதே பெசியின் குறிக்கோள். நிகழ்ச்சி வருமானம், சொற்பொழிவுகள், அழகு நிலையம் என எல்லாம் இதற்குப் பணம் சேர்க்கும் வழிகளாகவே இருந்தன. ஆயினும் தன்மானத்தை விட்டுப் பணம் சேர்க்க அவர் இணங்கவில்லை. திரைப்படம் ஒன்றின் முதல் காட்சியில் கிழிந்த உடையுடன் தோன்ற வேண்டும் எனக் கூறப்பட்டதும், கறுப்பின மக்களை இழிவாகக் காட்டும் செயலுக்குத் துணைபோக முடியாதென வெளியேறினார்.

வாக்சகாச்சியில் நடந்த நிகழ்ச்சிக்கு வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி வாயில்கள் வைக்கத் திட்டமிடப்பட்டது. எல்லாரும் ஒரே வாயில் வழியே வந்தால்தான் பறப்பேன் என்றார் பெசி. ஏற்பாட்டாளர்கள் பணிந்தனர். உள்ளே இருக்கைகள் பிரிக்கப்பட்டே இருந்தன என்றாலும், நிறப்பிரிவினை சட்டமாக இருந்த ஊரில் அந்த ஒரு வாயிலே பெரிய வெற்றியாக இருந்தது.

இறப்பு

1926 ஏப்ரல் 30 அன்று புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில், மறுநாள் நிகழ்ச்சிக்கான ஒத்திகைக்காகப் பெசி பறந்தார். மெக்கானிக் வில்லியம் வில்ஸ் வானூர்தியை ஓட்டினார். டல்லாசிலிருந்து இதைக் கொண்டுவரும் வழியிலேயே பழுதுகளால் பலமுறை தரையிறக்க நேர்ந்திருந்தது. பாராசூட்டில் குதிக்க ஏற்ற இடத்தை எட்டிப் பார்ப்பதற்காகப் பெசி இருக்கைப் பட்டை அணியவில்லை. வானூர்தி திடீரெனத் தலைகீழாகச் சுழன்றபோது வெளியே தூக்கி எறியப்பட்டு உயிரிழந்தார். வில்சும் இறந்தார். சிதைவுகளை ஆராய்ந்தபோது, கழன்று கிடந்த ஒரு ஸ்பானர் கட்டுப்பாட்டு அமைப்பில் சிக்கியிருந்தது தெரியவந்தது. இறக்கும்போது பெசிக்கு வயது 34.

சிகாகோவில் நடந்த இறுதிச் சடங்கை இதழாளரும் சமூகப் போராளியுமான ஐடா வெல்ஸ் முன்னின்று நடத்தினார். ஆயிரக்கணக்கானோர் அஞ்சலி செலுத்தினர்.

நினைவுகள்

பெசி தொடங்க விரும்பிய பள்ளி அவர் காலத்தில் அமையவில்லை. ஆனால் 1929 இல் வில்லியம் பவல் என்பவர் லாஸ் ஏஞ்சலசில் பெசி கோல்மன் வானூர்திக் கழகத்தைத் தொடங்கி, கறுப்பினத்தவர் விமானம் ஓட்டக் கற்க வழிசெய்தார். 1931 முதல் சிகாகோவின் கறுப்பின விமானிகள், பெசி அடக்கம் செய்யப்பட்ட லிங்கன் கல்லறைத் தோட்டத்தின் மேல் ஆண்டுதோறும் பறந்து மலர் தூவும் வழக்கத்தை மேற்கொண்டனர்.

1992 இல் விண்வெளிக்குச் சென்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணான மே ஜெமிசன், பெசியின் படத்தைத் தன்னுடன் எடுத்துச் சென்றார். அமெரிக்க அஞ்சல்துறை 1995 இல் இவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2023 இல் அமெரிக்காவின் கால் டாலர் நாணயத்திலும் இவரது உருவம் பொறிக்கப்பட்டது.