கஷ்கொட்டைச் சாக்லெட் உருண்டைகள்

கோலாலம்பூரின் பெட்டாலிங் சாலையிலும் சிங்கப்பூரின் சைனாடவுனிலும் சில கடைகளின் முன்னால் பெரிய வாணலியில் கரிய பொடிக்கற்கள் புரண்டுகொண்டிருக்கும். அவற்றின் நடுவே பழுப்பு நிறக் கொட்டைகள் வறுபடும். கல்லோடு சேர்க்கப்பட்ட சர்க்கரை சூட்டில் உருகிக் கொட்டைகளின் ஓட்டில் பளபளப்பாகப் படியும். அந்த மணம் தெரு முனை வரை வந்துவிடும். ஆங்கிலத்தில் செஸ்நட் எனப்படும் இக்கொட்டையைத் தமிழில் கஷ்கொட்டை என்பர். மலாய்மொழியில் இதன் பெயர் பெராங்கான். அதே பெயரில் சந்தையில் விற்கப்படும் வாழைப்பழத்திற்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு உறவில்லை.

வறுத்த கஷ்கொட்டையைப் பலர் வழியில் உரித்துத் தின்பதோடு விட்டுவிடுகின்றனர். ஆயினும், கறுப்புச் சாக்லெட்டோடு சேரும்போது இது ஒரு நல்ல இனிப்பாக மாறுகிறது. டிரஃபிள் எனப்படும் சாக்லெட் உருண்டையை இதைக் கொண்டு வீட்டிலேயே செய்யலாம். அதற்கு வெதுப்பி தேவையில்லை. பால், வெண்ணெய், முட்டை ஆகியவையும் தேவையில்லை.

டிரஃபிள் என்பது உண்மையில் ஒரு காளானின் பெயர். ஐரோப்பாவில் ஓக் போன்ற மரங்களின் வேர்களை ஒட்டி மண்ணுக்கடியில் அது வளர்கிறது, விலை மிகுந்தது. தோண்டி எடுக்கும்போது மண் அப்பிய கரடுமுரடான உருண்டையாக இருக்கும். கொக்கோத் தூளில் புரட்டப்பட்ட சாக்லெட் உருண்டையும் பார்ப்பதற்கு அப்படியே இருப்பதால் அப்பெயர் இதற்கும் வந்தது. ஆகவே, வீட்டில் செய்யும் உருண்டை சற்றுக் கோணலாக அமைந்தாலும் வருந்த வேண்டியதில்லை. கோணலே அதன் இயல்பு.

வழக்கமான டிரஃபிள் பாலாடையாலும் வெண்ணெயாலும் செய்யப்படுகிறது. இங்குதான் சிலருக்குச் சிக்கல் எழுகிறது. தமிழர் வழக்கில் சைவ உணவு என்றால் இறைச்சி, மீன், முட்டை ஆகியவை இல்லாத உணவு. பாலும் தயிரும் நெய்யும் அதில் இடம்பெறும். விலங்கிலிருந்து கிடைக்கும் எதையும் ஏற்காத உணவுமுறையோ வேறு. அதை வீகன் என்றும் நனிசைவம் என்றும் அழைக்கின்றனர். இம்முறையைப் பின்பற்றுவோர் பால், நெய், தேன் ஆகியவற்றையும் ஒதுக்குவர். இவர்களைத் தவிர, பால் உடலுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களும் பலர் உள்ளனர். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க இயலாத நிலை ஆசிய மக்களிடையே பரவலாகக் காணப்படுகிறது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் விருந்தினருள் யாரேனும் ஒருவர், பால்கோவாவையும் நெய்யுருண்டையையும் பார்த்துவிட்டு வெறும் முறுக்கோடு எழுந்து செல்வதுண்டு. அவருக்கும் நீட்டக்கூடிய ஓர் இனிப்பு தட்டில் இருப்பது நல்லதுதானே?

பாலாடை இல்லாவிட்டால் மென்மை எங்கிருந்து வரும்? கஷ்கொட்டையின் சிறப்பு இங்கேதான் வெளிப்படுகிறது. முந்திரி, பாதாம், நிலக்கடலை ஆகியவற்றின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. கஷ்கொட்டையிலோ 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம் கொழுப்பே உள்ளது. அதில் மிகுந்திருப்பவை மாவுச்சத்தும் நீரும். இவ்வகையில் அது முந்திரியைவிட உருளைக்கிழங்கிற்கே நெருக்கமானது எனலாம். கோதுமை நன்கு விளையாத தென் ஐரோப்பிய மலைப்பகுதிகளில் மக்கள் கஷ்கொட்டையை உலர்த்தி, மாவாக்கிக் கஞ்சியும் ரொட்டியும் செய்தனர். பிரான்சு நாட்டின் மலைப்புறங்களில் இதன் மரத்தை 'ரொட்டி மரம்' என்றே அழைத்தனர். வேகவைத்து மசித்த கஷ்கொட்டை, பசை போன்ற மென்மையோடு ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் பாலாடையின் வேலையில் பெரும்பகுதியை அதுவே செய்துவிடுகிறது. உருண்டையின் வடிவம் எளிதில் குலையாமலிருக்கவும் அது துணைபுரிகிறது. நமது தட்பவெப்பத்தில் இந்த இரண்டாவது பயன் சிறிதன்று.

ஏறக்குறைய 24 உருண்டைகள் செய்வதற்கு உரித்து வேகவைத்த கஷ்கொட்டை 200 கிராம், கறுப்புச் சாக்லெட் 150 கிராம், கெட்டியான தேங்காய்ப்பால் 60 மில்லிலிட்டர், துருவிய குலா மெலாக்கா 2 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, புரட்டுவதற்குச் சர்க்கரை சேர்க்காத கொக்கோத் தூள் 3 மேசைக்கரண்டி ஆகியவை போதும். குலா மெலாக்கா கிடைக்காவிட்டால் கருப்பட்டியோ பழுப்புச் சர்க்கரையோ சேர்க்கலாம். எனினும், தென்னம் பாளையின் பதநீரைக் காய்ச்சிச் செய்யப்படும் குலா மெலாக்காவின் புகைமணம் கஷ்கொட்டைக்கு மிகவும் பொருந்தும்.

இவற்றுள் சாக்லெட்டை வாங்கும்போதுதான் கூடுதல் கவனம் தேவை. கறுப்புச் சாக்லெட் என்று எழுதப்பட்டிருப்பதாலேயே அதில் பால் இல்லை என்று கொள்ள முடியாது. உறையின் பின்புறத்திலுள்ள பொருள் பட்டியலைப் படித்தல் வேண்டும். பால்மா, பால்கொழுப்பு, வே தூள், கேசீன் ஆகியவை அனைத்தும் பாலிலிருந்து வருபவை. மலாய்மொழிப் பட்டியலில் 'சூசு' என்ற சொல் பால் இருப்பதைக் காட்டும். மாறாக, 'கொக்கோ வெண்ணெய்' என்ற பெயரைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. பெயரில் வெண்ணெய் இருந்தாலும் அது கொக்கோ விதையிலிருந்து பிழியப்படும் தாவரக் கொழுப்பே. சாக்லெட்டில் சேர்க்கப்படும் லெசித்தினும் பெரும்பாலும் சோயாவிலிருந்தோ சூரியகாந்தியிலிருந்தோ எடுக்கப்படுகிறது. கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்புச் சேர்த்த மலிவான சாக்லெட் கட்டிகளும் ரொட்டிப் பொருள் கடைகளில் கிடைக்கும். அவை உருகும் விதமும் சுவையும் வேறு. இதற்கு அவை அவ்வளவாகப் பொருந்தா.

உள்நாட்டுச் சாக்லெட்டைத் தேடுவோர் மலேசியாவில் ஏமாற மாட்டார்கள். சபா மாநிலத்தின் தாவாவ் வட்டாரம் கொக்கோ விளைச்சலுக்குப் பெயர்பெற்றது. கொக்கோத் தொழிலை வளர்ப்பதற்காக மலேசிய கொக்கோ வாரியம் 1989-இல் அமைக்கப்பட்டது. பின்னர்ப் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. காய்த்துளைப்பான் பூச்சியும் பெருஞ்சேதம் விளைத்தது. இருப்பினும், உள்ளூர் விதையைக் கொண்டு சாக்லெட் செய்யும் சிறு தயாரிப்பாளர்கள் இன்றும் உள்ளனர்.

கஷ்கொட்டையைப் பச்சையாக வாங்கினால் ஓட்டோடு 300 கிராம் தேவைப்படும். கையில் எடுத்தால் கனமாகவும் ஓடு மினுமினுப்பாகவும் இருக்க வேண்டும். நீரில் போட்டதும் மிதப்பவை காய்ந்துபோனவையாகவோ பூச்சி அரித்தவையாகவோ இருக்கலாம். ஒவ்வொரு கொட்டையின் தட்டையான பக்கத்திலும் கத்தியால் கூட்டல் குறி போல் கீற வேண்டும். கீறாமல் சூடேற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழியின்றிக் கொட்டை வெடித்துவிடும். ஓடு வழுக்குமாதலால் இவ்வேலையைப் பெரியவர் ஒருவரின் துணையோடு செய்வது நல்லது. கீறியவற்றைக் கொதிநீரில் 15 முதல் 20 நிமிடம் வேகவைத்து, இரண்டு மூன்றாக வெளியே எடுத்துச் சூடு ஆறுமுன் உரிக்க வேண்டும். ஆறிவிட்டால் ஓட்டுக்கு உள்ளேயுள்ள மெல்லிய தோல் கொட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அத்தோல் கசப்பானது, அதை முழுமையாக அகற்ற வேண்டும். இது பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். பேரங்காடிகளில் உரித்து வேகவைத்துக் காற்று நீக்கிய பைகளில் விற்கப்படும் கஷ்கொட்டையை வாங்கினால் இச்சிரமம் இல்லை. தெருவில் வறுத்து விற்பதையும் பயன்படுத்தலாம். அது சற்று உலர்ந்திருக்கும் என்பதால் உரித்தபின் 5 நிமிடம் ஆவியில் வேகவைப்பதும் குலா மெலாக்காவைக் குறைத்துக்கொள்வதும் நல்லது.

தேங்காய்ப்பாலையும் குலா மெலாக்காவையும் உப்பையும் சிறு தீயில் சூடாக்கி, குலா மெலாக்கா கரைந்ததும் கஷ்கொட்டையோடு சேர்த்து அரைக்க வேண்டும். விழுது வழவழப்பாக வரவேண்டுமாயின் அதைக் கண்ணாடி போன்ற மேற்பரப்பு வரும்வரை அரைக்கத் தேவையில்லை. சல்லடையில் கரண்டியால் தேய்த்து வடித்தால் போதும்.

அடுத்தது சாக்லெட்டை உருக்குதல். இதில்தான் பலர் தவறுகின்றனர். பாத்திரத்தில் சிறிது நீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதன்மேல், நீரைத் தொடாதவாறு ஒரு கிண்ணத்தை வைத்து, நறுக்கிய சாக்லெட்டை அதில் இட்டு மெல்லக் கிளற வேண்டும். கிண்ணமும் கரண்டியும் ஈரமின்றி இருத்தல் இன்றியமையாதது. உருகிய சாக்லெட்டில் சில துளி நீர் விழுந்தாலே அது திடீரெனக் கட்டிதட்டிக் களிமண் போலாகிவிடும். இது முதலில் வியப்பாகத் தோன்றும். நீர்மமாக உள்ள ஒன்றில் மற்றொரு நீர்மம் சேர்ந்தால் மேலும் இளகத்தானே வேண்டும்?

இதற்கான விடையைச் சர்க்கரைப் புட்டியில் காணலாம். உலர்ந்த சர்க்கரையில் சில துளி நீர் தெளித்தால் அதன் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். ஒரு குவளை நீரை ஊற்றினாலோ சர்க்கரை முழுவதும் கரைந்து பாகாகும். சாக்லெட்டும் இவ்வாறே. உருகிய சாக்லெட் என்பது கொழுப்பில் மிதக்கும் சர்க்கரை, கொக்கோத் துகள்களின் கலவை. சில துளி நீர், துகள்களை நனைத்து ஒட்டவைக்க மட்டுமே போதுமானது. நீர் போதிய அளவு சேரும்போது சர்க்கரை கரைகிறது, துகள்கள் பிரிகின்றன, கலவை மீண்டும் வழவழப்பாகிறது. 50 கிராம் சாக்லெட்டுக்குக் குறைந்தது ஒரு மேசைக்கரண்டி நீர்மம் என்பது நினைவில் கொள்ளத்தக்க அளவு. மேற்கூறிய 60 மில்லிலிட்டர் தேங்காய்ப்பால் 4 மேசைக்கரண்டியாகும். அதோடு கஷ்கொட்டையின் ஈரமும் இருக்கிறது. எனவே, விழுதைச் சாக்லெட்டில் சேர்க்கும்போது கொஞ்சங் கொஞ்சமாகத் தயங்கி இடாமல் முழுவதையும் ஒரே முறையில் சேர்த்துக் கலக்க வேண்டும். விழுது வெதுவெதுப்பாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். குளிர்ந்த விழுது பட்டால் கொக்கோ வெண்ணெய் உடனே உறைந்து, கலவை நறநறவென்றாகிவிடும். எண்ணெய் பிரிந்து மேலே மினுங்கினால், சூடான தேங்காய்ப்பால் ஒரு தேக்கரண்டி விட்டு விறுவிறுப்பாகக் கலக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கலவையை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் 2 மணி நேரம் வைத்த பின்னரே உருட்ட வேண்டும். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகை செல்சியசில் உருகுகிறது. வாயில் இட்டதும் சாக்லெட் கரைவதற்குக் காரணம் இதுவே. உடலின் வெப்பம் 37 பாகை அல்லவா? தேங்காய்க் கொழுப்போ 24 பாகையிலேயே உருகிவிடும். நமது சமையலறைகளில் தேங்காயெண்ணெய் உறைவதே இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ஆகவே, சுவை கூடும் என்று தேங்காய்ப்பாலை அளவுக்கு மீறி ஊற்றினால் உருண்டை நில்லாது. உருட்டுவதற்கு முன் கைகளைப் பனிக்கட்டி நீரில் நனைத்து நன்றாகத் துடைத்துக்கொள்ள வேண்டும். கரண்டியால் அள்ளி, விரைவாக உருட்டி, கொக்கோத் தூளில் புரட்டினால் வேலை முடிந்தது. கொக்கோத் தூளுக்கு மாற்றாக வறுத்த தேங்காய்த் துருவலிலும் புரட்டலாம்.

பரிமாறுமுன் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். நனிசைவ உணவு என்பதும் ஒவ்வாமை உடையோருக்குப் பாதுகாப்பான உணவு என்பதும் ஒன்றல்ல. லாக்டோஸ் செரிக்காதவருக்குப் பால் பட்டால் வயிற்று உபாதை ஏற்படும். பால் ஒவ்வாமை உடையவருக்கோ சிறிதளவு பாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரே இயந்திரத்தில் பால் சாக்லெட்டும் கறுப்புச் சாக்லெட்டும் செய்யப்படும்போது பாலின் சுவடு கலந்துவிடக்கூடும். 'பால் கலந்திருக்கலாம்' என்னும் எச்சரிக்கை உறையில் இருந்தால், அச்சாக்லெட்டை ஒவ்வாமை உடையவருக்குக் கொடுக்கக் கூடாது. கஷ்கொட்டையும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. குறிப்பாக, இயற்கை ரப்பர்ப்பாலுக்கு ஒவ்வாமை உடையவர்களுள் சிலருக்கு வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம், கஷ்கொட்டை ஆகியவற்றாலும் ஒவ்வாமை தோன்றுகிறது. மரமும் பழமும் வேறு வேறாயினும் அவற்றிலுள்ள சில புரதங்கள் ஒத்திருப்பதே காரணம். உள்ளே என்னென்ன இருக்கின்றன என்பதை ஒரு சிறு தாளில் எழுதித் தட்டின் அருகில் வைத்துவிட்டால், விருந்தினர் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. பால் இல்லாததால் இது சத்துணவாகிவிட்டது என்றும் எண்ணிவிடக் கூடாது. சர்க்கரையும் கொழுப்பும் இதில் உண்டு. ஒருவருக்கு இரண்டு போதும்.

தேங்காய்ப்பாலும் கஷ்கொட்டையும் ஈரமுள்ளவை என்பதால் இவ்வுருண்டைகளைக் கடைச் சாக்லெட்டைப் போல் மேசைமேல் விட்டுவைக்க இயலாது. மூடிய டப்பாவில், குளிர்பதனப் பெட்டியில் 4 நாள் வரை வைத்திருக்கலாம். உறைபெட்டியில் ஒரு மாதம் வரை தாங்கும். பள்ளிக்கோ உறவினர் வீட்டிற்கோ கொண்டுசெல்வதானால் பனிக்கட்டிப் பையோடு வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். குளிரிலிருந்து எடுத்ததும் டப்பாவைத் திறந்தால், காற்றிலுள்ள ஈரம் உருண்டைகளின்மேல் முத்து முத்தாகப் படிந்து கொக்கோத் தூளைச் சேறாக்கிவிடும். 10 நிமிடம் மூடியபடியே வைத்திருந்து, பிறகு திறந்து, பரிமாறும் நேரத்தில் சிறிது கொக்கோத் தூளை மீண்டும் தூவிக்கொள்ளலாம்.