சூப்பர்சார்ஜரில் பூஸ்ட் குறைவது ஏன்?

ஹாட் ராட் கார்களின் பானட்டுக்கு மேலே தலைநீட்டி நிற்கும் அலுமினியப் பெட்டி ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர். அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற காற்றூதியிலிருந்து வந்தது அது. அவற்றில் பேர்பெற்ற 6-71, காருக்காகச் செய்யப்பட்டதே அல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1938-இல் கொண்டுவந்த டூ-ஸ்ட்ரோக் டீசல் வரிசையில், சிலிண்டருக்கு 71 கன அங்குலம் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குக் காற்று ஊதிய உறுப்பு அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிபோர்னியாவின் பந்தயப் பிரியர்கள் அதைக் கழற்றி வி-8 எஞ்சின்களின் மேல் ஏற்றினார்கள்.

இதன் உள்ளே சுழலும் இரண்டு ரோட்டர்கள் காற்றை அமுக்குவதில்லை. கூட்டின் சுவரோரமாக அள்ளிக் கீழே தள்ளுகின்றன, அவ்வளவுதான். எஞ்சின் விழுங்குவதைவிட அதிகமாகத் தள்ளும்போது மேனிஃபோல்டில் காற்று நெருக்குண்டு அழுத்தம் ஏறுகிறது. அதுவே பூஸ்ட். 6-71 ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 411 கன அங்குலம் தள்ளும். 350 கன அங்குல எஞ்சின் ஒரு சுற்றில் விழுங்குவது சுமார் 175. அதே ஊதியை 454 எஞ்சினில் மாட்டினால், எந்தக் கோளாறும் இல்லாமலே கேஜ் முள் தாழ்ந்து நிற்கும். தாராளமாக மூச்சுவிடும் சிலிண்டர் ஹெட்டும், வால்வுகளை நெடுநேரம் சேர்ந்தாற்போல் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்டும் அப்படியே செய்யும். எஞ்சினுக்குள் போகும் காற்று அப்போது கூடியிருக்கவும் கூடும். ஆகவே முன்பு இருந்த அளவிலிருந்து இறங்கியிருந்தால்தான், அல்லது கணக்குக்கு மிகக் கீழே இருந்தால்தான், பழுது தேட வேண்டும்.

முதலில் கேஜ். அதன் குழாய் ஊதிக்குக் கீழே, மேனிஃபோல்டில் இணைந்திருக்க வேண்டும். கார்புரேட்டரின் அடியில் இணைத்தால் பூஸ்ட் தெரியவே தெரியாது.

அடுத்து மேல்பக்கம். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்க, மற்றவர் கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், லிங்கேஜ் த்ராட்டிலை முழுதும் திறக்கிறதா என்பது தெரிந்துவிடும். முழு த்ராட்டிலில் ஓடும்போது கார்புரேட்டருக்கும் ஊதிக்கும் நடுவே வெற்றிடம் காட்டினால், ஃபில்டரோ கார்புரேட்டரோ போதாமல் ஊதி பட்டினி கிடக்கிறது என்று பொருள்.

பிறகு புல்லி. பற்களை எண்ணுவதே நம்பகமான வழி. கிராங்கில் 50, ஊதியில் 55 பற்கள் என்றால் ஊதி சுமார் 9 சதவீதம் மெதுவாகச் சுற்றும். இரண்டையும் மாற்றிப் போட்டால் 10 சதவீதம் வேகமாக. பல் பெல்ட் வழுக்காது. சிறிய ஊதிகளில் வரும் வி-பெல்ட்டும் வரிப் பெல்ட்டும் வழுக்கும்: வேகம் ஏற ஏற உயர்ந்த பூஸ்ட் ஒரு கட்டத்தில் நின்றுபோகும் அல்லது சரியும், பெல்ட்டின் பக்கம் பளபளக்கும், புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படியும்.

ஏமாற்றுவதில் முதலிடம் பாப்-ஆஃப் வால்வுக்கு. பேக்ஃபயர் வந்தால் ஊதி வெடிக்காமல் காக்க, மேனிஃபோல்டில் ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும் தட்டு அது. ஸ்பிரிங் தளர்ந்தாலும் ஐடிலில் மேனிஃபோல்டின் வெற்றிடமே தட்டை இழுத்து மூடிக்கொள்ளும். பூஸ்ட் ஏறும்போது மட்டும் கசியும். கேஸ்கட் ஓட்டை இதற்கு நேர்மாறு: ஐடிலிலேயே வெளிக்காற்றை உறிஞ்சி எஞ்சினைத் தடுமாற வைக்கும்.

இவை எல்லாம் சரி என்றால்தான் ஊதியைப் பிரிக்க வேண்டும். ரோட்டர் முனைக்கும் கூட்டுக்கும் நடுவே இருக்க வேண்டியது அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளிதான். ஃபீலர் கேஜால் அளக்கலாம். முனையில் டெஃப்லான் பட்டை உள்ள ரோட்டர்களில் பட்டை தேய்ந்தால், தள்ளிய காற்று மேலேயே திரும்பும். இந்தக் கசிவு குறைந்த வேகத்தில்தான் அதிகம் உறைக்கும்.

காரணத்தைத் தேடாமல் ஊதியில் சிறிய புல்லி போட்டு முள்ளை ஏற்றுவது ஆபத்து. ஊதி வேகமாகச் சுற்றினால் காற்று சூடாகும். சூடான காற்று டெட்டனேஷனுக்கு வழிவிட்டு பிஸ்டனை உடைக்கும். கசிவை அடைத்தபின் பூஸ்ட் திரும்பும்போதும் பெட்ரோல் கலவையையும் இக்னிஷன் டைமிங்கையும் புதிதாகச் சரிபார்த்தே முழு த்ராட்டில் கொடுக்க வேண்டும்.